கதவோரத்தில் ஒரு கதிரை

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கம்பளை பஸ்ஸில் ஏறி, மகளை மடியில் இருத்தி அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் பிரார்த்தனை வட்டத்துச் சோமா அக்காவின் அழைப்பு வந்தது. சிங்களவரான அவருடைய தமிழில் சுற்றி வளைக்க இடம் கிடையாது. "நங்கி, ஹனிபா நானா போயிட்டார். காலையில," என்றார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றும் சொன்னார். மகளுக்கு அன்று காய்ச்சல். கெலிஓயாவில் இறங்கி, ஜனாஸா வைத்திருந்த நானாவின் வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நாற்பதாம் நாள் ஓதலும் முடிந்த பிறகுதான் இதை எழுத முடிகிறது. எங்கள் ஊரவரான நீங்கள் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நானா பொறுத்துக்கொள்வார், அவருக்கு என்னைத் தெரியும்.

ஹனிபா நானாவை உங்களில் பலர் அவர் கடைக்கு ஆணியும் பெயின்டும் வாங்கப் போய் அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் போயா தினத்து நானா. ஒவ்வொரு பௌர்ணமி விடுமுறையிலும் மாலை நான்கு மணிக்கு, நூலகத்தின் பின்மண்டபத்தில் நான்கு மதத்துக்காரரும் வட்டமாக அமர்ந்து உலக சமாதானத்துக்காகப் பிரார்த்திப்பது அவர் தொடங்கிய வழக்கம். முறைக்கு ஒருவராகத் தத்தம் வழியில் வேண்டுவோம். கடைசியில் ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து மௌனம். எந்த நாட்டின் பெயரையும் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். டிவியில் பார்த்த யுத்தத்தை ஒருவர் பெயர் சொல்லித் திட்டத் தொடங்கியபோது நானா மெதுவாகத் தடுத்தார். "பேரச் சொன்னா நாங்க கட்சி பிரிஞ்சிருவோம். அங்க ஈக்கிற உம்மாமாரச் சொல்லுங்க, அது போதும்." பெயர் சொல்லித் திட்டியவரும் அந்தத் தாய்மாருக்காக வேண்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நான் ஹுன்னஸ்கிரியவில் பிறந்து, படித்து, கல்யாணமாகி கெலிஓயாவுக்கு வந்தவள். தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, ஆட்கள் கூடும் இடம் என்றாலே நான் பயந்த காலம் அது. எங்கே போனாலும் முதலில் கதவுகளைப் பார்த்துவைப்பேன். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருவேன். வந்தும் பாதியில் எழுந்து போய்விடுவேன். இப்படிப் பயந்தவளின் மடியில் வளர்ந்தால் மகளும் இந்த ஊரைப் பார்த்துப் பயப்படுவாளே என்பது அந்தப் பயத்துக்கும் மேலான பயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது மாதம் போனபோது வட்டத்துக்கு வெளியே, கதவோரமாக, ஒரு கதிரை தனியாகப் போடப்பட்டிருந்தது. நானா அதைக் கையால் காட்டிவிட்டு, விசிறியைச் சரிசெய்யப் போய்விட்டார். அதன்பின் ஒவ்வொரு மாதமும் அந்தக் கதிரை அங்கே இருந்தது.

வடை விஷயம் உங்களில் அன்று வந்தவர்களுக்கு மறந்திருக்காது. அந்த மாதம் சிற்றுண்டிப் பொறுப்பை முதன்முதலாக நான் ஏற்றிருந்தேன். விடியற்காலையிலேயே உளுந்து ஊறப்போட்டு, மத்தியானம் சுட்டு, இரண்டு பெரிய பாத்திரங்களில் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கணவருக்கு அன்று வேலை நாள். வேறு வழியில்லாமல் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

பிரார்த்தனைக்கு முன்னே தட்டை நீட்டினேன். சோமா அக்கா வெள்ளை உடுத்து, சில் என்னும் பௌத்த நோன்பு எடுத்திருந்தார். நடுப்பகலுக்குப் பின் உணவு ஆகாது. அருகிலிருந்த கன்னியாஸ்திரி சிஸ்டருக்குப் பெரிய வாரத்து உபவாசம். நானாவும் அவர் ஆட்களும் ரமழான் நோன்பு. எங்கள் ஆட்களுக்குப் பங்குனி உத்திர விரதம். எனக்கும்தான். ஊரில் உள்ள எல்லாக் கடவுளும் சேர்ந்து பட்டினி போட்ட நாளைப் பார்த்து நான் வடை சுட்டிருக்கிறேன். நானே விரதமிருந்துகொண்டு மற்றவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. அவமதித்துவிட்டேன், இனி இந்தக் கூட்டமே என்னால் கலைந்துவிடும் என்று தட்டைத் திரும்ப மேசையில் வைத்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று கதவோரக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அதில் இல்லை.

அவள் வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு வடையோடு. நோன்பிருந்த இருபது பேர் பார்த்திருக்க, அவள் ஒரு கடி கடித்து, மென்று, யோசித்து, "அம்மா, உப்பே இல்ல," என்றாள்.

விரதம் என்பதால் நான் உப்புப் பார்க்கவில்லை. சிஸ்டர்தான் முதலில் சிரித்தார். நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நாங்க யாரும் சாட்சி சொல்லேலா தங்கச்சி. நோன்பில்லாத ஒரே ஆள் அவதான், தீர்ப்புச் சொல்லிட்டா. வடை எங்கயும் ஓடாது. பொழுது பட்டு மஃரிபு வரைக்கும் எல்லாரும் இருப்போம்," என்றவர், வீட்டுக்கு போன் எடுத்து உப்பும் உறைப்புமான கட்டைச் சம்பல் கொண்டுவரச் சொன்னார்.

அன்று கூட்டம் ஐந்து நிமிட மௌனத்தோடு முடியவில்லை. பேசி, வேண்டி, திரும்பவும் பேசி, மழை பெய்து ஓயும் வரை காத்திருந்தோம். பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு கேட்டதும் நானா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார். எங்கள் விரதத்தை நாங்களும் முடித்துக்கொண்டோம். சிஸ்டருக்கு இராச் சாப்பாடே வடையானது. சாப்பிட முடியாத சோமா அக்காவுக்கு, சில்லுக்கு ஆகும் கொத்தமல்லித் தண்ணீரும் கருப்பட்டியும் வந்தன. உப்பில்லாத வடையைச் சம்பலில் தோய்த்து ஒன்றும் மிச்சமில்லாமல் தின்றார்கள். மகள் நானாவின் மடியிலேயே தூங்கிப்போனாள். அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் கதவைப் பார்க்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கடந்த போயாவுக்கு நானா இல்லாமல் கூடினோம். மண்டபத்துக்கு நேரத்தோடு போய் நான்தான் கதிரைகளைப் போட்டேன். இருபது கதிரை வட்டமாக; ஒன்று கதவோரமாக. மகளோடு நான் வட்டத்துக்குள் உட்கார்ந்தேன். பிரார்த்தனை தொடங்கிச் சற்று நேரத்தில், கைக்குழந்தையோடு முன்பின் தெரியாத ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள். கையால் கதிரையைக் காட்டிவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நானாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவ்வளவுதான்.