மாப்பிள்ளை அழைப்பில் ஹீட்டர்

என்னுடைய பழைய திறந்த காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அதில் நான் மாற்றாத பாகம் குறைவு. கிழிந்த துணிக்கூரையைக் கூட, சிம்மக்கல்லில் ஆட்டோவுக்கு டாப் தைப்பவரிடம் கொடுத்துப் புதிதாகத் தைத்துப் போட்டேன். ஹீட்டரை மட்டும் கழற்றவில்லை. "மதுரை வெயிலுக்கு இது எதுக்குண்ணே?" என்று மெக்கானிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

கே.கே. நகரில் எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான் வேண்டும் என்றார்கள். கொடுத்தேன்; ஓட்டியதும் நான்தான். என்னைக் கேட்காமலே, ரேடியேட்டருக்குக் காற்று போகும் முன்பக்கத்தை முழுக்க மறைத்துச் செவ்வந்திப் பூவைக் கட்டிவிட்டார்கள். மேளத்துக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்தோம். சூடு காட்டும் முள் சிவப்பை நெருங்கியது. நடுரோட்டில் கார் நின்றால் மானம் போய்விடும். அப்போது எனக்கிருந்த ஒரே வழி, ஹீட்டரை முழுதாகத் திறந்து இன்ஜின் சூட்டை உள்ளே, எங்கள் கால்பக்கம் இழுப்பதுதான். திறந்தேன். முள் இறங்கியது.

பக்கத்தில் பட்டுவேட்டியோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. கூடவே நடந்து வந்த பெண்ணின் தாய்மாமன், "என்ன மாப்ள, இப்பவே இம்புட்டு வேர்க்குது?" என்று சிரித்தார்.

மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்தான். "அண்ணே, பயத்துல காலெல்லாம் கொதிக்குதுண்ணே. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா?"

ஹீட்டர் திருகிலிருந்து கையை மெதுவாக எடுத்தேன்.

"எனக்கும் இப்படித்தான்டா இருந்துச்சு" என்றேன்.