ஆலன் கடிகாரத்தைக் கழற்றினால்

இடது மணிக்கட்டைத் திருப்பி, வலது கட்டைவிரலால் வாரின் கொக்கியைத் தட்டிவிடுகிறான். கடிகாரம் கழன்று உள்ளங்கையில் விழுகிறது. பக்கத்தில் நிற்பது யார் என்று பார்ப்பதுகூட இல்லை. கையை நீட்டி, "புடி மச்சான்" என்கிறான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் விவரம் தெரிந்தவர்கள் இரண்டடி பின்னால் போய்விடுவார்கள். இரண்டு பேர் மட்டும் முன்னால் வருவார்கள்.

ஆலனுக்கு இருபத்து நாலு வயது. ஆம்பூருக்கு வெளியே தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் மோட்டாரும் பம்பும் பார்க்கிறான். அந்த வாசலில்தான் என் இட்லி வண்டி நிற்கிறது. ஆள் ஒல்லி, காது மட்டும் பெரிசு. கேட் அகலத் திறந்திருந்தாலும் சுவரேறிக் குதித்துத்தான் உள்ளே போவான். டீயை ஆற்றாமல் குடிப்பான்; நாக்கு வெந்தாலும் முகத்தில் காட்டமாட்டான். சட்டினியில் மிளகாய் தூக்கலாக இருந்தால் இன்னொரு கரண்டி கேட்பான். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, வீரத்தைத் தவிர.

முன்னால் வருகிற அந்த இரண்டு பேரையும் சொல்லிவிடுகிறேன். சமீருல்லா டிரம்மில் தோல் போடுகிறவன், பருத்த உடம்பு, மெதுவாகத்தான் நடப்பான். வீட்டில் ஜோயா என்கிற மனைவி, ஏழு மாதக் கைக்குழந்தை. வக்கார் அகமது தோலில் ஓட்டை, தழும்பு பார்த்துத் தரம் பிரிக்கிறவன். கழித்துப்போட்ட துண்டு ஒன்றிலிருந்து ஆலனின் கடிகார வாரை அவன்தான் தைத்துக் கொடுத்தான். தோலில் இருக்கிற குறையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சிநேகிதனிடம் இருக்கிற குறை மட்டும் தெரியாது.

பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் தரைப்பாலத்துக்கு அந்தப்பக்கம் ஓர் ஆடு சிக்கிக்கொண்டது. ஆலன் கடிகாரத்தைக் கழற்றினான். "புடி மச்சான்." சமீர் வாங்கிக்கொண்டான். ஆலன் குதித்தான். ஆடு என்ன நினைத்ததோ, தானே நீந்திக் கரையேறி உதறிக்கொண்டு போய்விட்டது. ஆலனைத்தான் தண்ணீர் இழுத்தது. அவனைப் பிடிக்க நீச்சல் தெரியாத சமீர் குதித்தான். சமீரைப் பிடிக்க வக்கார் குதித்தான். கடைசியில் தீயணைப்புக்காரர்கள் கயிறு போட்டு மூன்று பேரையும் இழுத்தார்கள். வக்காரின் இடது காதில் தண்ணீர் போய்ச் சீழ் வைத்து, இன்றைக்கும் அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டான். பேப்பரில் படம் வந்தது. ஆட்டைத் தேடிப் பிடித்துவந்து, கட்டிப்பிடித்தபடி ஆலன். ஓரத்தில் ஒரு முழங்கை. அது தன்னுடையது என்று வக்கார் எல்லோரிடமும் காட்டினான். முக்கில் பேனர் கட்டினார்கள். அதில் ஆலனைச் சிங்கம் என்று போட்டிருப்பதாக, அதையும் வக்கார்தான் எனக்குப் படித்துச் சொன்னான்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடிகாரன் கத்தி எடுத்துச் சுற்றினான். எல்லோரும் ஓட, ஆலன் போய் முன்னால் நின்றான். துணிச்சல்தான், இல்லை என்கிறேனா? ஆனால் கத்தி வருகிற நேரத்தில் ஆலன் சட்டென்று குனிந்துவிடுவான், அவ்வளவு சுறுசுறுப்பு. பின்னால் நின்ற சமீர் மெதுவாகக் குனிகிறவன். ஒன்பது தையல் சமீருக்கு. மாலை ஆலனுக்கு.

ஒருநாள் ஜோயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிக்கு வந்தாள். "ஆலன் கூட இருந்தா பயமே இல்லனு இவரு சொல்றாரு ஆயா. எனக்கு ஆலன் அண்ணன் கூட இவரு இருக்கறதுதான் பயமே. தனியா வேலைக்குப் போயிட்டு வந்தா பத்திரமா வர்றாரு" என்றாள். குழந்தை இட்லியை ஒரு கையால் பிசைந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன தெரியும்?

அன்றைக்கே ஆலனைப் பிடித்தேன்.

"ஏன்டா, நீ குதிச்சா அவனுங்களும் குதிக்கிறானுங்களே, அது உனுக்குத் தெரியுதா இல்லியா?"

"நான் கூப்டவே இல்லியே ஆயா. வேணா கேட்டுப் பாரு."

"கூப்டாத வர்றானுங்களே, அதான்டா பேஜாரு."

சமீரைக் கேட்டேன். "தோஸ்த் உள்ள போறான், நான் வாட்ச்ச கையில வெச்சிக்கினு டைம் பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?" என்றான். அதுவும் நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லோர் பேச்சும் நியாயம். தையல் மட்டும் ஒருவனுக்கு.

ஆனால் நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சமீரும் வக்காரும் ஜும்மா தொழுகைக்குப் போகும்போது அவர்கள் வேலையையும் ஆலன் பார்த்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆலன் சர்ச்சுக்குப் போனால் அவன் வேலையை இவர்கள் பார்ப்பார்கள். ரொம்ப நாளாக உள்ள ஏற்பாடு. அந்த வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரத்தில் ஆலன் ஒரு வீரமும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தகரக்கூரை மேல் பூனைக்குட்டி ஒன்று மாட்டிக்கொண்டு கத்தியது. ஆலன் அண்ணாந்து பார்த்தான். கை வாருக்குப் போனது. இந்தப்பக்கம் பார்த்தான், அந்தப்பக்கம் பார்த்தான். ஒருவரும் இல்லை. போய் ஏணி தேடி எடுத்துக்கொண்டு வந்தான்.

"அவனுங்க இருந்தா குதிக்கிற, இல்லாட்டி ஏணி தேடுறியா?" என்றேன்.

வெட்கப்படவே இல்லை. "விழுந்தா தூக்க ஆளு வேணாமா ஆயா?"

நான் படிக்காதவள்தான். இருந்தாலும் இதைவிடத் தெளிவாக ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கோடையில், அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. நான் உள்ளே டீ கொடுக்கப் போயிருந்தேன். தொழுகை முடிந்து சமீரும் வக்காரும் தலையில் தொப்பியோடு அப்போதுதான் கேட்டுக்குள் வருகிறார்கள். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் சத்தம். பம்பில் அடைத்திருந்த துணியை எடுக்க வில்சன் ஏணியில் பாதி இறங்கியிருக்கிறான். வில்சன் வயசானவன், ஆலனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன். மயங்கி உள்ளே விழுந்துவிட்டான். எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவு சேற்றில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கண்ணயர்ந்தவன் மாதிரி. முட்டை அழுகின நாற்றம், விஷக்காற்று. அந்த நாற்றத்தில் இறங்கினவனைத் தூக்க ஒருவன் இறங்குவான், அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான், ஒருவரும் ஏறமாட்டார்கள். இந்தப்பக்கத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. ஆலனுக்கும் தெரியும்.

கொக்கி தட்டுகிற சத்தம் கேட்டது. "புடி மச்சான்."

சமீர் வாங்கினான். வாங்கிய கையோடு தன் கடிகாரத்தையும் கழற்றி, இரண்டையும் வக்காரிடம் கொடுத்தான். வக்கார் தன்னுடையதையும் கழற்றினான். கொடுப்பதற்கு ஆள் தேடினான். பக்கத்தில் நான்தான் நின்றேன். மணி பார்க்கத் தெரியாத என் கையில் மூன்று கடிகாரம், ஒரு டீத் தம்ளர்.

ஏணியில் ஒரு கால் வைத்தபடி ஆலன் திரும்பினான். அதற்கு முன் அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஏன் பார்த்தான் என்று இன்றுவரை சொல்லவில்லை. சமீரின் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான். வக்காரின் மணிக்கட்டைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

காலை எடுத்துவிட்டான். "குடு ஆயா" என்று தன் கடிகாரத்தை வாங்கி மாட்டிக்கொண்டான். அவசரத்தில் வார் ஓட்டையில் சேரவில்லை, நான்தான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாட்டிவிட்டேன். அப்புறம் கத்தினான் பாருங்கள்: "மச்சான், எல்லா மூடியையும் தொற! வக்காரு, ஷெட்ல இருக்கற பெரிய பிளோயர தூக்கினு வா! ஃபயருக்கு போன் போடு! எவனாவது எறங்கினா காலை ஒடச்சிடுவேன்!" வக்காரின் கேட்காத காதுப் பக்கம் நின்று கத்தினான். வக்காருக்குக் கேட்டது.

காற்றை உள்ளே ஊதிக்கொண்டே இருந்தார்கள். ஆலன் விளிம்பில் குப்புறப் படுத்து வில்சன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவன் காலை சமீர் பிடித்துக்கொண்டிருந்தான். தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கித் தூக்கினார்கள். வில்சன் வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து வந்தான். இருமல் நிற்கவில்லை. உயிர் தங்கியது.

பேப்பர்க்காரர் யாரும் வரவில்லை. பேனர் இல்லை. குதிக்காதவனுக்கு யார் கட்டுவார்கள்? ஜோயா மட்டும் ஒரு டப்பாவில் பிரியாணியும் கத்திரிக்காயும் கொண்டுவந்து, "ஆலன் அண்ணனுக்கு" என்று என் வண்டியில் வைத்துவிட்டுப் போனாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை, வழித்துத் தின்றான்.

போன வாரம் காலை, மூன்று பேரும் என் வண்டியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சைத்தோல் லாரி ஓட்டுகிற சர்தார் பாஷா, நாலு பேர் பார்க்க லாரியிலிருந்து தலையை நீட்டினார். "இன்னா சிங்கம்! தொட்டியாண்ட போய்ட்டு திரும்பி வந்துட்டியாமே? பயந்துட்டியா?"

ஆலன் தம்ளரைக் கீழே வைத்தான். வலது கட்டைவிரல் நேராகக் கொக்கிக்குப் போனது. வக்கார் தம்ளரை வைத்தான். சமீர், டீயிலிருந்து கண்ணை எடுக்காமலே, தன் மணிக்கட்டைத் தொட்டான்.

ஆலன் திரும்பி அவர்கள் இருவரையும் பார்த்தான். வாரை இழுத்து, அடுத்த ஓட்டையில் இறுக்கி மாட்டிக்கொண்டான்.