கார்டை எடுத்த பிறகும்

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைகளை விற்பனைக்காகப் படமெடுப்பவன் நான். அதற்கு என் பழைய டிஎஸ்எல்ஆர் என்ற பெரிய கேமரா போதும். மறைந்த மனைவியின் சின்ன கேமரா சும்மா கிடந்ததால், அதன் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். கார்டை எடுத்தால் என் பெரிய கேமராவில் ஒரு படமும் இருக்காது. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் டீச்சர் கேமராவுடன் வந்தார். "அண்ணே, கார்டு இல்லாமலே கேமராவோட சொந்த மெமரியில ஒரு வீடியோ இருக்குது. அழிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

போட்டுப் பார்த்தேன். பொம்மைகளுக்கு வெளிச்சம் சரிசெய்தபடி நான் முதுகைக் காட்டி நிற்கிறேன். "இப்படிக் கொஞ்சம் திரும்புங்களேன்" என்கிறது என் மனைவியின் குரல். கடைசிவரை நான் திரும்பவில்லை.

கேமராவைக் கொடுப்பவர்கள், கார்டை எடுத்த பிறகும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். நான் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வேலை செய்யும்போது அந்த வீடியோவை எனக்குப் பின்னால் ஓடவிடுகிறேன். அவள் கூப்பிடும் இடத்தில் திரும்பிவிடுகிறேன்.