பிரேக் றப்பரும் ஒரு கோப்பை மண்ணெண்ணெயும்

எழுபதுகளில், இறக்குமதி எல்லாம் இறுகிப்போயிருந்த காலத்தில், திருகோணமலையில் பழைய கார் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரு வியாதி இருந்தது. எவர் எந்தச் சாமானைத் தந்தாலும் போலியோ என்று மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்ப்போம். பெட்டியில் அச்சடித்த இங்கிலிஷ் எழுத்தில் பிழை தேடுவோம். எனக்கு அது கொஞ்சம் முற்றியிருந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்ததால், என் சந்தேகத்துக்கு நானே ஒரு மரியாதையும் கொடுத்து வைத்திருந்தேன்.

என்னுடைய ஏ ஃபோர்ட்டி கார், துறைமுகத்தை விட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கியது. ஒருநாள் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். பிரேக் பிடிக்காமல் கால் அடிவரை போனது. கியரைக் குறைத்து, மதிலோடு உரசி ஒருவாறு நிறுத்தினேன். பின்னால் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் கப் றப்பர் தேய்ந்துவிட்டது என்றார் கராஜ்காரர்.

"காரிலையும் மாஸ்டருக்குத்தான் கோளாறு" என்றாள் மனைவி, பள்ளிக்கூட மாஸ்டரான என்னைப் பார்த்து. அந்த நடுக்கத்திலும் அவளுக்குப் பகிடி.

அந்த றப்பர் ஊரில் ஒரேயோர் இடத்தில்தான் கிடைத்தது. கிண்ணியாவிலிருந்து வந்து டவுனில் கார்ச் சாமான் கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரிடம். கடையில் அலுமாரி இரண்டு, கதிரை ஒன்று. மற்றபடி "நானா கள்ளச் சாமான் விக்கமாட்டார்" என்ற பெயர்தான் அவருடைய முதல். அந்தப் பெயரையே நான் நம்பவில்லை. இவ்வளவு நல்ல பெயர் ஒரு கடைக்காரருக்கு எதற்கு என்று யோசித்தேன்.

றப்பரைத் தாளில் சுற்றித் தந்தபடி அவர் சொன்னார்: "மாஸ்டர், இதுக்கு எண்ணெய் படப்படாது. பூட்டக்குள்ள பிரேக் ஒயில்ல நனைச்சுப் பூட்டச் சொல்லுங்க."

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. எண்ணெய் படக்கூடாதாம், ஒயிலில் நனைக்க வேண்டுமாம்! காலம் முழுக்க ஒயிலுக்குள் கிடக்கப்போகும் றப்பர் எண்ணெய்க்கு ஏன் பயப்பட வேண்டும்? மறுநாள் காலை பள்ளிக்குப் போகுமுன் குசினியிலிருந்த ஒரு கோப்பையில் மண்ணெண்ணெய் ஊற்றி அதைப் போட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் ஊதிப்போய்க் கிடந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேரே கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"மண்ணெண்ணெயில போட்டுப் பாத்தனான். உங்கட ஒறிஜினலின்ர லட்சணத்தைப் பாருங்கோ!" என்று மேசையில் எறிந்தேன். "என்ர பிள்ளையளைக் கொல்லவோ பாத்தனீங்கள்?"

அவர் அதை எடுத்துப் பார்த்தார். "நான் சொன்னனே மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்தேன்.

அடுத்த கிழமை வகுப்பில் பரிசோதனை பற்றிப் படிப்பித்தேன். ஒன்றை மட்டும் சோதித்து முடிவு சொல்லக்கூடாது, சரியென்று தெரிந்த இன்னொன்றையும் அதே மாதிரிச் சோதிக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதும்போதே கை நின்றுவிட்டது. கார் இன்னும் கராஜிலேயே கிடந்தது. அதிலிருந்து கழற்றிய பழைய றப்பரை, காரோடு இங்கிலாந்திலிருந்து வந்ததை, வாங்கிவந்து மண்ணெண்ணெயில் போட்டேன். அது புதியதைவிடக் கொழுத்துப்போனது. பிரேக் ஒயில் என்று ஊரெல்லாம் சொல்வது எண்ணெயே இல்லை, வேறொரு திரவம் என்று பிறகு கராஜ்காரர்தான் சொன்னார். அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு மனுசனின் பெயரைக் கெடுத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். நானாவின் மேசையில் ஒரு கோப்பை மண்ணெண்ணெய் இருந்தது. உள்ளே மூன்று றப்பர்கள் ஊதிக் கிடந்தன.

"இதென்ன நானா?"

"நீங்க சொன்ன டெஸ்ட், மாஸ்டர். இதைச் செஞ்சு பாக்காம ஒருத்தரும் வாங்கிறாங்க இல்ல. நான் சொல்றது எடுபடுதில்ல."

கடையில் நின்றவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: "பிழை என்னில. நானாவின்ர சாமான் நல்லது. மண்ணெண்ணெயில போட்டால் எந்த பிரேக் றப்பரும் ஊதும்."

நிலாவெளியிலிருந்து வந்த லொறிக்காரர் ஒருவர் கையிலிருந்த றப்பரை மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். பிறகு என்னையும் நானாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாஸ்டரையும் விலைக்கு வாங்கிப்போட்டியள் போல, நானா" என்றார்.