பத்துப் பொம்மைக்கு ஒரு ஃபோர்மேன்

சிவகங்கைக்காரர் பொன்னுச்சாமிக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது "ஆள் வேணும்" என்றால் போதும், கை தானாகத் தூக்கிக்கொள்ளும். ஷார்ஜா முவைலா தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் பன்னிரண்டு வருடத்தில் அவர் மாட்டேன் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. இந்தக் கையால்தான் இரண்டு தடவை ஊருக்குப் போகும் லீவு பறிபோனது. மூன்றாவது லீவுக்கு வியாழக்கிழமை டிக்கெட். திங்கட்கிழமை மகள் நாகவள்ளிக்கு நிச்சயதார்த்தம். "நீங்க வராட்டி நான் சேலையே கட்டமாட்டேன்ப்பா" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அந்த வாரம் ஒரு மாலில், எகிப்து ராஜாவின் கல்லறை மாதிரி செட் போடும் தச்சு வேலை. ராஜாவின் மறுமைப் பயணத்துக்குக் கட்டில், செருப்பு, ரொட்டி, வாத்துக்கறி எல்லாம் தயார்.

"கட்டில் வரைக்கும் கொண்டுபோயிருக்காரு. நமக்கு ஃப்ளைட்டுல முப்பது கிலோவுக்கு மேல விடமாட்டேங்கிறான்" என்று பொருமினார் பொன்னுச்சாமி.

ஒரு பெட்டி நிறைய விரல் நீளப் பொம்மைகள் இருந்தன; சிலவற்றின் கையில் சாட்டை. கண்காட்சியைக் கவனித்துக்கொண்ட கோயமுத்தூர் ஜலஜா விளக்கினாள்.

"மேலுலகத்துலயும் வயல் வேலை உண்டுங்கண்ணா. ராஜாவைக் கூப்பிட்டா, அவருக்குப் பதிலா இது 'இதோ இருக்கேன்'னு போய் நிக்கும். நாளுக்கு ஒண்ணா முந்நூத்தி அறுபத்தஞ்சு."

"அப்ப வெள்ளிக்கிழமை லீவு அன்னைக்கும் டூட்டியா? சாட்டை வச்சிருக்கிறவன் யாரு மேடம்?"

"பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரிங்கண்ணா."

"செத்தும் ஃபோர்மேனா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். மூக்கு உடைந்த ஒரு பொம்மையை ஜலஜா அவருக்கே கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை, கேம்ப்புக்குத் திரும்பும் வண்டியில் ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மான் எழுந்து நின்றார். "ஃபுஜைராவுல அவசர வேலை. பத்து நாள். ஒரு ஆள் வேணும்."

வண்டியே பொன்னுச்சாமியைப் பார்த்தது. கை பாதி தூரம் போய்விட்டது. அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. மேலே போன கையை இறக்கிச் சட்டைப் பையில் விட்டு, பொம்மையை எடுத்து நீட்டினார்.

"பாய், எனக்குப் பதிலா இவன் வருவான். கூப்பிட்டா 'இருக்கேன்'ம்பான். எனக்கு நாளைக்கு ஃப்ளைட்டு."

கலீலுர் ரஹ்மான் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவனுக்கு மூக்கு இல்லையேப்பா."

"டூட்டிக்கு மூக்கு எதுக்கு பாய்?"

வண்டி குலுங்கச் சிரித்தது. கலீலுர் ரஹ்மானும் சிரித்துவிட்டார். "சரிப்பா, போயிட்டு வா. பொண்ணுக்கு என் துஆவைச் சொல்லு" என்றவர், மற்றவர்கள் பக்கம் திரும்பி மறுபடி கேட்டார். "வேற யாரு வர்றா?"

கேம்ப் வரும்வரை பொன்னுச்சாமி வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.