எரிந்த பம்பும் ஒரு மின்நூலும்

அச்சுவேலியில் நான் வேலை செய்யும் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடைக்கு இணையத்தில் ஒரு கருத்துக்களம் உண்டு. வேலையில் அறிந்துகொண்டதை எல்லோரும் அதில் எழுத வேண்டும். எங்கள் மூத்த மெக்கானிக் ஒற்றை விரலால்தான் எழுதுவார். சொல்லுக்குச் சொல் அந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் தண்ணீர் விடாமல் ஒரு தோட்டக்காரரின் பம்பை ஓடவிட்டு எரித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த வேலையும் போனால் என்ன செய்வது? மூத்த மெக்கானிக்கிடம் மட்டும் சொன்னேன்.

"களத்திலை எழுதடா."

"எழுதினால் முதலாளி வேலையாலை கலைச்சுப்போடுவார், அண்ணை."

"எழுதாட்டி மற்றவனும் உந்தப் பிழையையே செய்வான். சரி, பயப்படாதை. நான் எழுதிறன், உன்ரை பேர் வராது."

பிறகு முதலாளி களத்தில் வந்ததையெல்லாம் மின்நூலாக்கினார். பயந்து பயந்து அதில் அந்தப் பம்பைப் பற்றிய குறிப்பைத் தேடினேன். "நான் எரித்தேன்" என்று அண்ணை தன் பெயரிலேயே எழுதியிருந்தார். யாரோ எரித்ததாக எழுதியிருந்தாலே போதுமே!

புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "நீங்களுமோ அண்ணை வெறும் பம்பை ஓட்டினனீங்கள்?" என்று பகிடி பண்ணுவார்கள்.

"ஓம், நீங்கள் ஓட்டிப்போடாதேங்கோ" என்பார், விரலைத் துடைத்தபடி.

அவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் முன்பு பயந்தேன். இப்போது, நான் சொல்லாமலே இருந்துவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது.