எதிரில் நின்றவரைக் கேளுங்கள்

பேருந்து அரூரைத் தாண்டும்போது கைப்பேசியில் செய்தி வந்தது: "மூர்த்தி அண்ணன் போயிட்டாருங்க." அரை மணி நேரத்தில் அடுத்தது: "போர்டுல அவரு பேரை ஏத்திடலாம். ஓட்டெல்லாம் வேண்டாம்."

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களில் தகுதியானவர்களின் பெயரை எழுத நம் கபடி மன்றத்தில் ஒரு பலகை இருக்கிறது. தேர்வுக் குழுவுக்கு மூர்த்தி அண்ணன்தான் தலைவர். நான் கூட்டக் குறிப்பு எழுதுபவள், எனக்கு வாக்கில்லை.

கோப்பைகளை அவர் கணக்கில் எடுக்க மாட்டார். "கூட ஆடுனவன் பாசத்துல பேசுவான். எதிர்ல நின்னவனக் கேளுங்க" என்பார். சித்தேரிக்காரர் ஒருவர் எந்தக் கோப்பையும் வென்றதில்லை. அவரை எதிர்த்து ஆடியவரோ, "உடும்புங்க அந்தாளு! கனவுல கூட என் காலைப் புடிக்கிறான்" என்றார். பெயர் ஏறியது.

பிறகு மூர்த்தி அண்ணன் பெயரே பரிசீலனைக்கு வந்தது. அவர் எழுந்து அறைக்கு வெளியே போய்விட்டார். எதிர்த்து ஆடிய வத்தல்மலைக்காரரை அழைத்திருந்தோம். "ஆளு சூரன்தானுங்க. ஆனா அந்த ஃபைனல்ல என் கை அவரு முழங்கால்ல பட்டுது. நடுவர் பாக்கல. அவரும் கை தூக்கல. ஒரு பாயிண்டுல தோத்தோம்." தொடப்பட்டவர் தானே கை தூக்கி வெளியேறுவது நம் பக்கத்து மரியாதை. வாக்கெடுப்பில் அவர் பெயர் தோற்றது.

திரும்பி வந்தவருக்குக் குறிப்பைப் படித்தேன். அந்த வாக்குமூலத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

"நடுவுல என்னமோ முழுங்கிட்டியே பாப்பா. படி."

படித்தேன். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"பட்டது நெசந்தான். அதையும் எழுதிக்க" என்றார். எழுதினேன். கையெழுத்திட்டுவிட்டு, "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

வாக்கெடுப்பு இல்லாமல் பெயரை ஏற்றினால் அது வெறும் இரக்கம். வழக்கம்போல் வாக்கெடுப்பு நடத்துங்கள் என்று குழுவைச் சேர்ந்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது எதிரில் நின்றவரைக் கேட்கும் பழக்கம். தெரியாதவர்களிடம் பேசவே கூசுகிற நான், நேற்று வத்தல்மலைக்காரரைக் கைப்பேசியில் அழைத்து, அன்று அவர் கூட்டத்திலிருந்து கிளம்பிய பிறகு நடந்ததைச் சொன்னேன்.

பிறகு கேட்டார்: "அவரே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டாரா?"

"ஆமாங்க."

"அப்ப என் ஓட்டு அவருக்குத்தாம்மா. எழுதிக்க."

அவருக்கும் வாக்கில்லை. நான் அதைச் சொல்லவில்லை, எழுதிக்கொண்டேன்.